இரண்டாம் நாள்: மலை, மழை, மூன்று கிலோமீட்டர் பாக்கி

சேன் பியேர், சனிக்கிழமை இரவு.

சாக்ஸைப் பிழிந்தால் இன்னமும் சாம்பல் நிறத்தில்தான் தண்ணீர் வருகிறது. எரிமலை மண். கோயில் மண்டபத்துக்குப் பின்னால் கயிறு கட்டி ஆளுக்கு இரண்டு உருப்படி காயப் போட்டிருக்கிறோம். கூட வந்தவர்கள் பாயை விரித்ததும் தூங்கிவிட்டார்கள். எனக்கு முழங்கால் விண்விண்ணென்று தெறிக்கிறது. எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

நேற்று எழுதியதைப் படிக்காதவர்களுக்கு நாலு வரி. பதினான்கு பேர் சேர்ந்து, இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில் மூன்று நாள் சைக்கிள் பயணம் வந்திருக்கிறோம். நேற்று சேன் தெனியிலிருந்து சேந்த் ஆந்த்ரே வரை, கடலோரமாக. இன்று சேந்த் ஆந்த்ரேயில் கிளம்பி நடுமலையைத் தாண்டி தெற்கே சேன் பியேர். நாளை சிலாவோஸ். சக்கரம் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இத்தனை என்று சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார், என் சைக்கிள் பட்டறைக்கு வருகிறவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு யூரோ எழுதியவரும் உண்டு, ஐம்பது சென்ட் எழுதியவரும் உண்டு. அந்தப் பணத்தில் ஒரு ஜோயெலெத் வாங்க வேண்டும்.

ஜோயெலெத் என்பது ஒற்றைச் சக்கர நாற்காலி. இருக்கைக்கு நேர் கீழே ஒரே ஒரு சக்கரம், அதிர்ச்சி தாங்க ஸ்பிரிங். முன்னால் ஒருவர் நுகத்தடி மாதிரிப் பிடித்து இழுக்க, பின்னால் ஒருவர் பிடித்துச் சமன் செய்ய வேண்டும். பிரேக் பின்னால் இருப்பவர் கையில். நடக்க முடியாதவர்களை மலைப் பாதையில், கல்லிலும் வேரிலும் ஏற்றி இறக்கிக் கூட்டிப் போகலாம். 1987இல் பிரான்சில் ஜோயெல் குளோதெல் என்ற மலை வழிகாட்டி இதைச் செய்தார். தசை நோய் வந்த தன் உடன்பிறந்தவர் பிள்ளையைத் தொடர்ந்து மலைக்குக் கூட்டிப் போகத்தான் செய்தாராம். இதைப் படித்த அன்று பட்டறையை ஒரு மணி நேரம் முன்னாலேயே சாத்திவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

என் அக்கா மகனுக்குப் பதினோரு வயது. அவனுக்கும் தசை நோய்தான். எட்டு வயது வரை நடந்தான். அப்புறம் படி ஏறும்போது சுவரைப் பிடித்தான், அப்புறம் தரையிலேயே பிடிமானம் தேடினான், போன வருஷத்திலிருந்து நாற்காலி. கைக்குழந்தையாக என் மடியில் உட்கார வைத்துத்தான் அவனுக்கு மொட்டை போட்டு, காது குத்தினோம். தாய்மாமன் மடி என்றால் நம் வீடுகளில் சும்மா இல்லை. பிரெஞ்சில் தாய்மாமனுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே சொல்தான். ஆனால் ஜோயெல் குளோதெல் செய்தது எந்தச் சொல்லுக்கும் குறைந்ததில்லை.

அவன் கேட்பது மஃபாத்துக்குப் போக வேண்டும் என்பதுதான். மலைகளுக்கு நடுவே கிண்ணம் மாதிரி இருக்கும் பள்ளம் அது. வண்டி போகும் சாலை கிடையாது. அங்கே வீடு கட்டி வாழ்கிறவர்கள் நடந்துதான் போய் வருகிறார்கள், சாமான் எல்லாம் ஹெலிகாப்டரில் இறங்குகிறது. "மாமா, அங்க மோட்டார் சத்தமே கேக்காதாமே" என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். கோல் தே பஃப் கணவாயிலிருந்து லா நுவேல் கிராமம் வரை, தமரின் காட்டு வழியாக இறக்க வேண்டும். பெயரைக் கேட்டுப் புளிய மரம் என்று நினைத்துவிடாதீர்கள், அது மலையில் வளரும் ஒரு வகை வேல மரம்.

இந்தப் பயணத்தின் கணக்கு நோட்டு அவனிடம்தான் இருக்கிறது. அத்தான் ஓட்டும் வேனில் முன் இருக்கையில் அவன், பின்னால் அக்காவும் சாமான்களும் அவன் நாற்காலியும். யார் எத்தனை கிலோமீட்டர், எங்கே நின்றோம், எத்தனை பஞ்சர், எல்லாம் பதிவாகும். குழு முழுக்க அவனைக் கணக்குப்பிள்ளை என்றுதான் கூப்பிடுகிறோம். தமிழ் தெரியாத உள்ளூர்க் கிரியோல் பையன்கள்கூட "கனகுபுளே" என்கிறார்கள்.

காலை ஆறே முக்காலுக்கு சேந்த் ஆந்த்ரே கோயிலில் தேங்காய் உடைத்துக் கிளம்பினோம். தூறல் அப்போதே இருந்தது. கோயில் முற்றத்தில் உயரமாக ஒரு கம்பம், உச்சியில் நனைந்து ஒட்டிக்கிடக்கும் கொடி. இங்குள்ள மல்பார்கள், அதாவது தமிழ் வம்சாவளியினர், அதை நர்குலான் கம்பம் என்பார்கள். நாகூர் ஆண்டவர்தான் நர்குலான். என் ஊர் காரைக்கால், நாகூர் பக்கத்து ஊர். கப்பலில் வந்தவர்கள் கடலில் காத்தவரை மறக்காமல் அம்மன் கோயில் வாசலிலேயே அவருக்கும் கொடி ஏற்றிவிட்டார்கள். இருபது வருஷமாக இந்தத் தீவில் இருக்கிறேன். அந்தக் கம்பத்தைத் தாண்டும்போதெல்லாம் கை தானாக நெஞ்சுக்குப் போகிறது.

எங்கள் விதி ஒன்று உண்டு. ஜோடி ஜோடியாகத்தான் ஓட்ட வேண்டும், ஜோடியில் ஒருவர் நின்றால் மற்றவரும் நிற்க வேண்டும். ஜோயெலெத்துக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் வேண்டும் அல்லவா, அதற்கு இப்போதே பழகட்டும் என்று நான்தான் இந்த விதியைச் சொன்னேன். எனக்கு வாய்த்த ஜோடி தொந்தோன். தொந்தோன் என்றால் இந்தத் தீவின் பேச்சு மொழியான கிரியோலில் மாமா. அறுபத்து நாலு வயது. கரும்பு லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். நாலைந்து தலைமுறைக்கு முன் இங்கு வந்த குடும்பம், தமிழ் பேச வராது. ஆனால் பாடுவார். இளவயதில் பால் தமூல் ஆடியவர். நம் தெருக்கூத்துதான் அது, இங்கே அந்தப் பெயர். விடிய விடிய ஆடுவார்கள். மதுரை வீரன் கதையை அவர் தொண்டை கிழியப் பாடுவதைக் கேட்டால் பொருள் தெரியாமல் பாடுகிறார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஜூலை மாதம் கரும்பு வெட்டு தொடங்கும் நேரம். சாலை முழுக்கச் சக்கை, தோகை, சேறு. கரும்பு ஏற்றிப் போகும் பெரிய கூண்டு வண்டிகளுக்கு இங்கே காஷலோ என்று பெயர், திமிங்கலம் என்று அர்த்தம். மழையில் பின்னாலிருந்து ஒரு திமிங்கலம் உறுமிக்கொண்டு வந்தால் ஓரத்தில் இறங்கி நின்றுவிடுவதே நல்லது. தீவில் இப்போது இரண்டே ஆலைகள்தான் ஓடுகின்றன, வடகிழக்கில் புவா ரூஜ், தென்மேற்கில் லெ கோல். ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் ஆலை. 1848 டிசம்பர் 20ஆம் தேதி அடிமை முறை ஒழிந்த பிறகு அந்தத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். 1882இல் ஆங்கிலேய அரசு நிறுத்தும் வரை அது ஓயவில்லை. அத்தானின் முப்பாட்டனார் பெயர் இருக்கும் தாளை அக்கா சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். பெயர், தகப்பன் பெயர், ஊர், ஒரு எண். ஏறிய துறை காரைக்கால். அந்தத் துறைக்குப் பக்கத்துத் தெருவில்தான் நானும் அக்காவும் பிறந்து வளர்ந்தோம்.

ரிவியேர் து மா ஆற்றுப் பாலத்தில் தண்ணீர் பழுப்பு நிறத்தில் நுரைத்துக்கொண்டு போனது. பிரா பனோன் வந்ததும் வெனிலா தோட்டங்கள். பக்கத்து சேந்த் சூசானில்தான் 1841இல் எத்மோன் அல்பியூஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் வெனிலாப் பூவைக் கையால் மகரந்தம் சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்தான். உலகத்து வெனிலா பெரும்பாலும் இன்றும் அந்த விரல் அசைவில்தான் காய்க்கிறது. கணக்குப்பிள்ளைக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். "என்னை விட ஒரு வயசுதான் பெரியவன் மாமா."

பிரா பனோன் தாண்டி முதல் பஞ்சர், என் பின் சக்கரம். மழையில் பஞ்சர் ஒட்ட முடியாது, ரப்பர் காய்ந்தால்தான் சொல்யூஷன் பிடிக்கும். டியூபையே மாற்ற வேண்டியதுதான். ஆனால் மாற்றுவதற்கு முன்னால் டயருக்குள் குத்தியது எது என்று கண்டுபிடித்து எடுக்காவிட்டால் புது டியூபும் பத்து நிமிஷத்தில் போய்விடும். விரலை விட்டுத் தடவினேன். குளிரில் விரல் மரத்திருந்தது, ஒன்றும் தெரியவில்லை. கைக்குட்டையைச் சுருட்டி டயரின் உட்பக்கம் மெல்ல ஓட்டினேன். ஒரு இடத்தில் நூல் மாட்டியது. அங்கே மயிரிழை கனத்தில் கரும்புச் சிம்பு, கால் அங்குலம்கூட இல்லை. பல்லால் கடித்து இழுத்தேன். இனித்தது. மழையும் சேறும் எண்ணெயும் கலந்த வாயில் அந்த ஒரு சொட்டு இனிப்பு. தொந்தோனிடம் சொன்னேன். அவர் ஆயுசு முழுக்க ஏற்றி இறக்கிய சரக்கு அல்லவா, "வெட்டுக்கு வந்த கரும்பு, ருசி இருக்கும்" என்றார்.

சேன் பெனுவாவில் கடலுக்கு முதுகைக் காட்டி என்3 சாலையில் திரும்பினோம். இனி கணவாய் வரை ஏற்றம்தான். கோல் தெ பெல்வூ, 1,606 மீட்டர். கடல் மட்டத்திலிருந்து ஒரே இழுப்பு.

முதல் ஊர் லா கோன்ஃபியான்ஸ், பொருள் நம்பிக்கை. அங்கிருந்துதான் மழை நிஜமாகப் பிடித்தது. இந்தக் கிழக்குச் சரிவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தென்கிழக்கிலிருந்து ஆண்டு முழுக்கக் கடற்காற்று வீசுகிறது. தீவின் நடுவே மூவாயிரம் மீட்டருக்கு மேல் மலை நிற்கிறது. காற்று கொண்டுவரும் ஈரம் முழுக்க இந்தப் பக்கமே கொட்டித் தீர்ந்துவிடும், மேற்குக் கரைக்குக் காய்ந்த காற்றுதான் போகும். எரிமலைப் பக்கம் ஃபோக் ஃபோக் என்ற இடத்தில் 1966 ஜனவரியில் ஒரு புயலின்போது 24 மணி நேரத்தில் 1,825 மி.மீ. மழை பதிவானது. உலகச் சாதனை அது. சென்னையில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே சராசரியாக 1,400 மி.மீ. அளவுதான். இன்று பெய்தது அந்த இனத்தைச் சேர்ந்ததில்லை, இங்கே ஜூலையில் வரும் சாதாரணக் குளிர்கால மழை. அதுவே முன் சக்கரம் வாரி இறைத்த தண்ணீரோடு சேர்ந்து கண்ணைத் திறக்க விடவில்லை.

கிராந்த் எத்தான் ஏரிக்குப் பிரியும் சாலையைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள். பேச்சு நின்றது. மூச்சுச் சத்தமும் செயின் சத்தமும் மழையும்தான். வளைவின் உள்பக்கத்தில் சாய்வு அதிகம் என்பதால் வெளிப்பக்கமாக ஒதுங்கி ஏறினோம், எதிரே கார் வராதபோது மட்டும். ஒரு திருப்பத்தில் செக்கச்செவேலென்று சின்ன மாடம். சேந்த் எக்ஸ்பெதி. அவசரத்துக்கு உதவும் புனிதர் என்று சாலைக்குச் சாலை அவருக்குச் சிவப்பு மாடம் வைத்திருக்கிறார்கள், மல்பார்களும் விளக்கேற்றுவார்கள். எல்லையில் நிற்கும் நம் அய்யனார் மாதிரிதான். தொந்தோன் ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்துக் கும்பிட்டார். பிறகு பாடத் தொடங்கினார்.

ஏற்றத்தில் பாட முடியுமா என்று கேட்கலாம். அவர் பாடுவது ஒரு அடி, ஒரு மூச்சு. "அரோகரா" என்று வலது காலை மிதிப்பார், மூச்சு விடுவார், மறுபடி "அரோகரா". தைப்பூசத்துக்குக் காவடி தூக்கி வெயிலில் நாள் முழுக்க நடந்தவர். அந்த நடையின் தாளத்தைப் பெடலுக்குக் கொண்டுவந்துவிட்டார். என் காலும் அதில் சேர்ந்துகொண்டது. முன்னால் போன இரண்டு பையன்களும் கொஞ்ச நேரத்தில் சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் பிரான்சிலிருந்து வந்து குடியேறிய வெள்ளைக்காரக் குடும்பத்துப் பையன்கள். மழையில் மலை வளைவில் நாலு சைக்கிள் அரோகரா சொல்லிக்கொண்டு ஏறியது.

எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. காரைக்காலில் ஆனிப் பௌர்ணமிக்கு மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வீதி உலா வரும்போது மாடியிலிருந்து மாம்பழத்தை வாரி இறைப்பார்கள், நாங்கள் கீழே முந்தானை, சட்டை, துண்டு என்று விரித்துப் பிடிப்போம். காரைக்கால் அம்மையார் கயிலை ஏறிய கதையை அம்மா சொல்லும்போது எனக்கு ஒரே சந்தேகம்தான்: இறைவன் இருக்கும் மலையைக் காலால் மிதிக்கக் கூடாது என்று தலையால் நடந்து ஏறினாரே, வலிக்காதா? அக்கா மகனுக்கு இந்தக் கதையைச் சொன்னபோது அவன் கேட்டது வேறு. "அப்ப கால் இல்லாமயும் மலை ஏறலாம்தானே மாமா?" அந்தக் கேள்வி இன்று வளைவுக்கு வளைவு என்னோடு ஏறியது.

பதினொன்றரைக்கு பிளேன் தே பல்மிஸ்த். ஆயிரம் மீட்டரை ஒட்டிய உயரத்தில் ஒரு சமவெளி, சுற்றிலும் சுவர் மாதிரி மலை. ஒரு காலத்தில் பனை வகை மரங்கள் அடர்ந்திருந்ததால் வந்த பெயர். குருத்துக்காக வெட்டி வெட்டி இப்போது காட்டில் தேட வேண்டியிருக்கிறது. சாலையோரத்தில் கோயாவியே கூடைகள், கோலிக்குண்டு அளவில் சிவப்புக் கொய்யா. வெளியிலிருந்து வந்த செடி, காட்டையே வளைத்துப் பிடிக்கிறது என்று வனத்துறைக்காரர்கள் கவலைப்படுகிறார்கள். பழம் மட்டும் புளிப்பும் இனிப்புமாக அமிர்தம்.

ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் எங்களுக்காகப் பெரிய பாத்திரம் காத்திருந்தது. வீட்டுக்கார அம்மா கிரியோல்காரர், எங்களில் யாருக்கும் உறவில்லை. கீழே மருத்துவமனையில் அக்காவைப் பார்த்துப் பழக்கமாம், அவ்வளவுதான். சௌசௌ கொழுந்து ரசம். இங்கே சூசூ என்பார்கள். நாம் சௌசௌ என்பதும் இந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான் என்பார் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர். காயை விட்டுவிட்டுக் கொடியின் கொழுந்தையும் பற்றுக்கம்பியையும் கிள்ளி, இஞ்சி, பூண்டு, உப்பு போட்டுத் தண்ணியாகக் கொதிக்க வைப்பார்கள். சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவது, நாங்கள் குவளையில் வாங்கிக் குடித்தோம். மேலே கொத்தமல்லி தூவியிருந்தது. "கொத்தோமிலி" என்றார் அந்த அம்மா. கறிவேப்பிலை இங்கே கலுபிலே, முருங்கை முருங்குதான். பேச்சு போன பிறகும் அடுப்படியில் தமிழ் இருக்கிறது. நான் மூன்று குவளை குடித்தேன். கணக்குப்பிள்ளை வேன் ஜன்னல் வழியாக அதையும் குறித்துக்கொண்டான்.

அங்கே கூடுதல் நேரம் நின்றதுதான் தவறு. நனைந்த உடம்பு ஓடிக்கொண்டிருக்கும் வரை சூட்டில் இருக்கும், நின்றால் குளிர் எலும்பில் இறங்கிவிடும். பட்டறையில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இன்று எனக்கே மறந்துபோயிற்று. தொந்தோன் உள்ளே போட்டிருந்தது பருத்திச் சட்டை. நான் பார்த்திருக்க வேண்டும்.

கணவாய்க்கு மறுபடி வளைவுகள், மூடுபனி. பத்து மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. முன்னே போகிறவரின் சிவப்பு விளக்கு மட்டும். கணவாய்க்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும், அப்போதுதான் உணர்ந்தேன், பாட்டு நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். மிதித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் சைக்கிள் கோணல்மாணலாகப் போனது. நிறுத்தச் சொன்னேன். மழைச்சட்டை ஜிப்பை மேலே இழுக்கப் பார்த்தார், விரல் பிடிக்கவில்லை. மறுபடி பார்த்தார், மறுபடியும் இல்லை. உதடு நீலம். என்ன கேட்டாலும் "போகலாம், போகலாம்" என்று ஒரே பதில், நாக்கு தடித்துப்போய்.

போன் அடித்தேன். அத்தான் ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டார். ஈரத்துணி முழுக்கக் கழற்றி, துண்டால் ஒற்றி, அக்காவின் கம்பளியைச் சுற்றி, ஹீட்டரைப் போட்டு, சர்க்கரை நிறையப் போட்ட டீ. கையைத் தேய்க்கப் போன பையனை அக்கா தடுத்தாள். குளிரில் விறைத்தவரைத் தேய்க்கக் கூடாது, நெஞ்சுச் சூடுதான் முதலில் திரும்ப வேண்டும் என்றாள். கணக்குப்பிள்ளை தன் மடியில் கிடந்த போர்வையை எடுத்துக் கொடுத்தான். அவன் கைக்கு அந்தப் போர்வை கனம், இரண்டு தரம் நழுவியது. மூன்றாவது தரம் தொந்தோன் கையிலேயே வைத்துவிட்டான்.

ஜோடி நின்றால் நானும் நிற்க வேண்டும். இரண்டு சைக்கிளையும் கூரையில் ஏற்றினோம். அந்த மூன்று கிலோமீட்டரையும் வேனிலேயே ஏறினோம். தொந்தோன் நடுங்கத் தொடங்கினார். நடுக்கம் திரும்பி வந்தது நல்லது என்று அக்கா சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

கணவாய் தாண்டியதும் உலகமே வேறு. பின்னால் கறுத்த சுவராக மேகம், முன்னால் பிளேன் தே காஃப்ர், பச்சைப் புல்வெளி, மாடுகள், வேலியோரம் வெள்ளை லில்லி, மேலே நீல வானம். ஊட்டி மாதிரி என்று சொன்னால் நம்மவர்களுக்குப் புரியும். குளிர் பத்து டிகிரிக்கும் கீழே, ஆனால் வெயில். நான் இறங்கிச் சைக்கிளை எடுத்துக்கொண்டேன். தொந்தோன் வேனிலேயே வரட்டும் என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்தோம். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இந்தப் பக்கத்து ஊர்களுக்குப் பெயர் வைத்தவர்கள் மைல்கல்லைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். பூர் முராவை எல்லாரும் இருபத்தேழாவது என்றுதான் சொல்வார்கள், கடற்கரையிலிருந்து இருபத்தேழாவது கிலோமீட்டர். எரிமலைக்குப் போகும் சாலை அங்கேதான் பிரிகிறது. அப்புறம் இருபத்துமூன்றாவது, அதற்கும் கீழே பதினான்காவது. எண்கள் இறங்க இறங்கக் கடல் கிட்டே வருகிறது. கிலோமீட்டருக்குக் காசு வாங்கிக்கொண்டு ஓட்டுகிறவர்களுக்கு இதை விடப் பொருத்தமான ஊர்கள் கிடையாது.

இறக்கம் சுலபம் என்று நினைக்காதீர்கள். என் சைக்கிளில் ரிம் பிரேக். கட்டையில் எரிமலை மணல் ஏறியிருந்தது, பிடிக்கும்போதெல்லாம் அரத்தால் ராவுகிற சத்தம். சாலை காய்ந்திருந்தும் சக்கரத்தின் ஈரம் போக ஒரு சுற்று ஆகும், அதற்கு அப்புறம்தான் பிடிக்கும். வளைவுக்கு வெகு முன்னாலேயே பிடித்துப் பிடித்து விட்டேன். இருபத்துமூன்றாவதில் நிறுத்தி இரண்டு கட்டையையும் கழற்றி, கத்தி முனையால் கறுப்பு மணலைக் கிள்ளி எடுத்தேன். பையன்களின் வண்டிகளுக்கும் பார்த்துவிட்டேன். லெ தாம்போன் தாண்டும்போது மழைச்சட்டையைக் கழற்றினோம். மறுபடி கரும்பு, மறுபடி சூடு. நாலரை மணிக்கு சேன் பியேர் கடற்கரை.

வேன் கடற்கரைச் சாலையில் நின்றது. கணக்குப்பிள்ளை நாற்காலியில் இறங்கி உட்கார்ந்து நோட்டைத் திறந்து வைத்திருந்தான். என் மீட்டரைக் கேட்டான். சொன்னேன்.

"அறுபத்தொம்பது."

"மொத்த தூரம் எழுபத்திரண்டு மாமா. மேல மூணு நீங்க வேன்ல வந்தீங்க."

"ஆமாம்டா."

"எழுபத்திரண்டுன்னு சொல்லித்தானே எழுதி வாங்கினோம். நான் அறுபத்தொம்பதுன்னு எழுதுறேன். மூணு பாக்கின்னு போடட்டுமா?"

அக்கா, "பாவம்டா, மாமா காலப் பாரு" என்றாள். எனக்கு அவன் கேட்டதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஐம்பது சென்ட் எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவர், எங்கள் தெருவில் வீட்டு வேலை செய்யும் அம்மா, முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கையில் முன்பணமாகவே கொடுத்தவர். அவர் காசுக்கு ஓடாத கிலோமீட்டரை எப்படி எழுதுவது?

"பாக்கின்னு போடாதே, இப்பவே தீத்துடுறேன்" என்று சைக்கிளைத் திருப்பினேன்.

வேனின் பக்கக் கதவு திறந்தது. தொந்தோன் இறங்கினார். அத்தானின் ஸ்வெட்டர், அக்காவின் கம்பளி, காலில் ரப்பர் செருப்பு. கன்னத்தில் நிறம் திரும்பியிருந்தது. "எனக்கும் மூன்று" என்றார். பிளேன் தே காஃப்ர் முழுக்க வேனில் வந்தவர், அவர் பாக்கி மூன்றில் தீராது. ஆனால் அதை யாரும் சொல்லவில்லை. கணக்குப்பிள்ளை மட்டும் நோட்டில் என்னவோ எழுதி, பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டான்.

கடற்கரைச் சாலை சமதளம். அலை பவளத்திட்டில் உடைந்து வெள்ளைக் கோடாக நின்றது. முனையிலிருந்து முனைக்கு, திரும்பி, மறுபடி முனைக்கு. தொந்தோன் இடப்பக்கம், நான் நடுவில். வலப்பக்கம் நாற்காலியில் அவன். அக்கா தள்ளிக்கொண்டே வேகமாக நடந்தாள், கொஞ்ச தூரம் கழித்து அத்தான், அப்புறம் அரோகரா சொன்ன பையன்களில் ஒருவன். நாற்காலி வேகத்துக்குச் சைக்கிள் ஓட்டினால் கவிழப் பார்க்கும். ஹேண்டிலை ஆட்டி ஆட்டிச் சமாளித்தோம். ஆறு மணிக்கு முன்னாலேயே இருட்டத் தொடங்கிவிட்டது. தொந்தோன் மெல்ல மதுரை வீரனை எடுத்தார், இந்தத் தடவை மூச்சு முட்டாமல், முழு அடியாக.

"ரெண்டு புள்ளி ஒம்பது" என்றான் கணக்குப்பிள்ளை என் மீட்டரை எட்டிப் பார்த்து. "நிக்காதீங்க மாமா. அந்த விளக்குக் கம்பம் வரைக்கும்."

நாளை காலை ஆறரைக்குக் கிளம்புகிறோம். சேன் லூயியிலிருந்து சிலாவோஸ் 37 கிலோமீட்டர், நானூறுக்கு மேல் வளைவுகள். தொந்தோனுக்குக் கம்பளி பனியன் ஒன்று கிடைத்துவிட்டது. பிரேக் கட்டை புதிதாக மாட்டியாயிற்று. ஜோடி பழைய ஜோடிதான்.